ஆளுக்கு எட்டாயிரம் அடி

மூன்று கைப்பேசிகள் ஒரே நேரத்தில் கூவின. ஒன்று மஸ்ஸாம்பாவின் அங்கிப் பையில். இன்னொன்று மூத்த மனைவி செய்னபுவின் இடுப்பு முடிச்சில். மூன்றாவது இளையவள் மரேமின் கையில்.

மஸ்ஸாம்பா மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீன் சோறு முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியும், பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த காந்தலைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். மரேம் கையால் வரும் காந்தலுக்கு ருஃபிஸ்க் ஊரையே எழுதிவைக்கலாம் என்பது அவர் கட்சி. ஆனால் அந்தக் கட்சியில் அவர் சேர்ந்திருப்பது மூத்தவளுக்குத் தெரியக்கூடாது.

"இருநூத்திப் பதினேழு," என்றாள் செய்னபு, கைப்பேசியை எட்டிப் பிடித்துக்கொண்டு.

"அக்கா, உங்களை யாரும் படிக்கச் சொல்லல," என்றாள் மரேம்.

"நான் ஒண்ணும் சொல்லலியே. நேத்து என் முறை. நேத்து இதே நேரத்துக்கு நூத்தி அறுபத்திரண்டு. இன்னைக்கு உன் முறை. இருநூத்திப் பதினேழு. அவ்வளவுதான். நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாமலே இவ்வளவு சொல்றீங்க!"

மஸ்ஸாம்பா கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். இடது கையின் மேற்புறத்தில், அங்கிக்குள், அந்த வெள்ளை வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது. அளவில் ஒரு காசு. செய்கையில் ஒரு கோள்சொல்லி.

அந்தக் கோள்சொல்லியை அவர் விரும்பி வாங்கி வரவில்லை. நாற்பது வருஷத் தையற்காரர். பெருநாள் அங்கிக்குக் கழுத்துப்பட்டியில் கைத்தையல் பூவேலை போடவேண்டும் என்றால் தலைநகர் டக்காரிலிருந்துகூட ஆள் வரும். அப்பேர்ப்பட்டவருக்கு ஆறு மாதமாக ஊசியின் காது இரண்டாகத் தெரிந்தது. இரண்டில் எது உண்மையான காது என்று நூலும் அவரும் சேர்ந்து தேடுவார்கள். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: கண்ணின் பின்பக்கம் ரத்தம் கசிகிறது, காரணம் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி பத்தே காலில் நிற்கிறது. இன்னும் மூன்று மாதத்தில் ஏழுக்கு இறங்கினால் கண் தப்பும். இல்லையென்றால் அவரால் எதற்கும் உறுதி சொல்ல முடியாது.

மஸ்ஸாம்பாவுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கடற்கரைத் தெருவில் அவருடைய அண்ணன் அலசான் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சர்க்கரை அண்ணனின் இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. போகிறவர் வருகிறவரின் செருப்புச் சத்தத்தை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தம்பி அந்தத் தெரு வழியே போவதையே விட்டுவிட்டார்.

நர்ஸ் அஸ்து முதலில் அவருடைய பழைய சர்க்கரை நோட்டைப் புரட்டினாள். தினமும் காலையில் விரலைக் குத்திப் பார்த்து எழுதவேண்டிய நோட்டு.

"எல்லா நாளும் நூத்திப் பத்துன்னு எழுதியிருக்கே மாமா?"

"அது... எனக்குப் பிடிச்ச நம்பர்மா."

"அதனாலதான் இந்த வில்லை. இதுக்குப் பிடிச்சது பிடிக்காதது கிடையாது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க சர்க்கரையைப் பார்த்து உங்க போனுக்குச் சொல்லும். போன் எனக்குச் சொல்லும். வீட்ல ஒருத்தரும் பார்த்துக்கட்டும். யார் பேரைப் போடட்டும்?"

"ஒருத்தர் பேரா?" மஸ்ஸாம்பா அதிர்ந்துபோனார். "என்னம்மா பேசறே? ஒருத்திக்கு ஆறு கஜம் துணி எடுத்தா அடுத்தவளுக்கும் ஆறு கஜம் எடுக்கிறவன் நான். பதினாலு வருஷமா தராசு ஒரு பக்கம் சாஞ்சது கிடையாது. ரெண்டு பேர் பேரையும் போடு!"

ஒரே மனைவி என்கிற ஊர்க்காரனாக இருந்தால் இந்தத் தப்பைச் செய்ய வழியே இல்லை. மஸ்ஸாம்பாவோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்துவிட்டு, குதிரைவண்டி ஏறி வீட்டுக்கு வந்தார்.

அந்த வீட்டில் இரண்டு நாள் செய்னபு சமைப்பாள், அடுத்த இரண்டு நாள் மரேம். எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். வில்லையின் கைப்பேசிச் செயலி வாரக் கடைசியில் மேடும் பள்ளமுமாக ஒரு கோட்டுப்படம் அனுப்பும். எது யார் முறை என்று அது எழுதாது. எழுதவேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு நாள் பள்ளம், இரண்டு நாள் மேடு, மறுபடி பள்ளம், மறுபடி மேடு. தெருவில் போகிற ஆட்டைக் கூப்பிட்டுக் காட்டினாலும் மேடெல்லாம் மரேம் என்று சொல்லிவிடும்.

"நான் இவரைக் கொல்லப் பார்க்கிறேன்னு தெருவே பேசுது!" என்று மரேம் தையற்கடை ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதாள்.

"நான் பேசல," என்றாள் செய்னபு, அதே ஜன்னலின் மறு ஓரத்தில் நின்று. "படம் பேசுது."

மஸ்ஸாம்பா உள்ளே மிஷினை மிதித்துக்கொண்டே தவித்தார். உண்மை அவருக்குத் தெரியும். மரேம் சமையலில் குற்றம் இல்லை, ருசிதான் குற்றம். அவள் முறையில் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறார். மூத்தவள் முறையில், பாவம், மரியாதைக்குச் சாப்பிடுகிறார். இதை வாய்விட்டுச் சொன்னால் சர்க்கரையால் வருகிற சாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மேட்டைக் குறைக்க முடியாவிட்டால் பள்ளத்தை நிரப்பிவிட வேண்டியதுதான் என்று அவருக்குத் தோன்றியது. இதைத் தோன்றவைத்த மூளையைத்தான் முதலில் டாக்டரம்மாவிடம் காட்டியிருக்க வேண்டும்.

பள்ளிவாசலுக்கு எதிரே அவருடைய நண்பர் பிராம் ரேடியோ பழுதுபார்க்கிறார். தினமும் மாலை ஆறு மணிக்கு அங்கே கரியடுப்பில் தேநீர் கொதிக்கும். மூன்று சுற்று. முதல் கோப்பை கசப்பு, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது வெறும் சீனிப்பாகு. டாக்டரம்மா தடைபோட்ட நாளிலிருந்து மஸ்ஸாம்பா அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது செய்னபுவின் முறை வந்ததும் நேராகப் போய் உட்கார்ந்தார்.

"என்னப்பா, டீ குடிக்க வந்தியா, சாக வந்தியா?" என்றார் பிராம்.

"நியாயத்துக்காக வந்திருக்கேன். ஊத்து. மூணாவது கோப்பையை ரெண்டு தடவை ஊத்து."

அன்று மாலை மூன்று கைப்பேசிகளும் கூவின. இருநூற்று முப்பத்தெட்டு. வாசற்கதவைத் திறந்தபோது இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள்.

"நானும் ஒண்ணும் சொல்லல," என்றாள் மரேம்.

செய்னபுவின் முகம் போன போக்கைப் பார்த்து மஸ்ஸாம்பாவுக்கே அழுகை வந்தது. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படித் தலைகுனிந்து அவர் பார்த்ததில்லை. தராசு சமமாகும் என்று நினைத்தால், மறுபக்கம் போய்க் கவிழ்ந்துகொண்டது.

அன்றைக்கு ஆரம்பித்தது சமையற்கட்டுப் போர். செய்னபு மறுநாளே அரிசியைப் பாதியாகக் குறைத்தாள். மரேம் தன் முறையில் அரிசியையே நிறுத்திவிட்டு, வெண்டைக்காய்க் குழம்பும் மீனும் வைத்தாள். செய்னபு எண்ணெயைக் குறைத்தாள். மரேம் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்தே வைத்துவிட்டாள். செய்னபு கம்புக் கூழில் சர்க்கரை போடாமல் புளித்த தயிர் மட்டும் ஊற்றினாள். மரேம், "அப்படியா சேதி?" என்று கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்து முன்னே வைத்தாள். பிள்ளைகளுக்குத் தனித் தட்டில் நல்ல சோறு. மஸ்ஸாம்பா அந்தத் தட்டைப் பார்த்த பார்வைக்கு, பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு ஓடினார்கள்.

"காந்தல்?" என்று ஒருநாள் கேட்டுப்பார்த்தார்.

"கீரை காந்தாதுங்க," என்றாள் மரேம்.

தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. துணி தைக்க வருகிறவர்கள் அளவு கொடுப்பதற்கு முன் நிலவரம் கேட்டார்கள். "இன்னைக்கு எவ்வளவு?" "நூத்தி நாப்பத்தெட்டு." "யார் முறை?" "செய்னபு." "அப்படிப் போடு! நான் அப்பவே சொன்னேன்." மீன்காரி ஒருத்தி மரேம் பக்கம். அவள் மரேம் முறைக்கு மட்டும் நல்ல மீனாகப் பொறுக்கி எடுத்துவைத்தாள்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம் மட்டும் மாறாமல் இருந்தது. விடிந்ததும், கடை திறப்பதற்கு முன், இரண்டு பேரும் அவருடைய ஊசிகளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்வார்கள். இருபது ஊசி. பத்து செய்னபு கோர்ப்பாள், பத்து மரேம். கோர்த்து, ஊசி குத்தும் பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்திவைப்பார்கள். அவருக்குக் கண் தெரியவில்லை என்று எந்த வாடிக்கையாளருக்கும் தெரியக்கூடாது. அந்தக் கால் மணி நேரம் சண்டை இருக்காது. பேச்சும் இருக்காது. மஸ்ஸாம்பா தூங்குவது போல் படுத்திருந்து அதைப் பார்ப்பார்.

சண்டை எல்லாம் கடை ஜன்னலுக்கு நேரேதான். சமையற்கட்டுப் பக்கம் சத்தமே வராது. அங்கே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதுகூட இல்லை போலும் என்று அவர் மருகினார்.

அடுத்த ஞாயிறு செய்னபு புதுப் படத்தோடு வந்து நின்றாள்.

"ஏங்க, நம்ம ஊர்ல மலை உண்டா?"

"மலையா? ஏது?"

"அப்புறம் என் முறையில மட்டும் சாயங்காலம் ஆறே காலுக்கு இந்த மலை எங்கேருந்து வந்துச்சு?" அவள் நகம் படத்தின் உச்சியில் நின்றது.

"அது... கவலை. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறீங்கல்ல, அந்தக் கவலையில ஏறுது."

"என் முறையில மட்டும் கவலைப்படுவீங்களோ? அதுவும் பள்ளிவாசல் தொழுகை முடிஞ்ச கையோட, மணி பார்த்து?"

அன்று மாலை பிராம் இரண்டாவது சுற்றை ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. செய்னபு சீனிப் பொட்டலத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "ஊத்துங்க தம்பி. நானும் குடிக்கிறேன்," என்றாள். சீனியில்லாத மூன்றாவது கோப்பையை மூன்று பேரும் குடித்தார்கள். பிராமின் முகம் வேப்பெண்ணெய் குடித்த பிள்ளை மாதிரி ஆனது.

மரேம் சும்மா இருப்பாளா? தன் முறை வந்ததும் அவளும் ஆறு மணிக்கு அதே பெஞ்சுக்கு வந்துவிட்டாள். "அவங்க உங்க கூட உக்காந்தா நானும் உக்காருவேன்."

"மஸ்ஸாம்பா," என்றார் பிராம் ஒரு வாரம் கழித்து, கண் கலங்கி. "எனக்கு ஒரு நோயும் கிடையாதேப்பா. நான் ஏன் இப்படிக் குடிக்கணும்?"

தேநீரும் போயிற்று. இனி பள்ளத்தை நிரப்ப வழியில்லை. அப்போது செய்னபுவின் சராசரி நூற்று நாற்பத்தொன்பது, கீரையானாலும் இவர் இரண்டு தட்டு தின்றதில் மரேமுக்கு நூற்று எழுபது. மரேமின் கண்கள் வீங்கியிருந்தன. மஸ்ஸாம்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள்தான் மேட்டைக் கரைத்தால் போதும் என்பது உறைத்தது. நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று அஸ்து சொல்லியிருந்தாள். சொன்னபோது இவர் காதில் வாங்கவில்லை. இப்போது வாங்கினார்.

மரேம் முறை வந்தது. மஸ்ஸாம்பா மதியத் தொழுகை முடித்து, வேட்டியளவு நீளமான அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடலோரமாகச் சிமெண்டு ஆலை வரை நடந்து திரும்பினார். மூச்சு வாங்கியது. முட்டி கதறியது. ஆனால் மாலையில் கைப்பேசி கூவவில்லை. நூற்று முப்பத்தாறு! மறுநாளும் நடந்தார். நூற்று முப்பத்து மூன்று. மரேம் முகத்தில் நிலா உதித்தது. ஆகா, தராசு நேராகிவிட்டது என்று மஸ்ஸாம்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

செயலி அடிகளையும் எண்ணும் என்பதை அஸ்து சொன்னபோதும் அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எட்டாயிரத்து நூத்திப் பன்னெண்டு," என்று செய்னபு தையற்கடை வாசலில் நின்று, மூன்று வாடிக்கையாளர் முன்னால் படித்தாள். "இது அவ முறை. என் முறையில எவ்வளவு தெரியுமா? அறுநூத்தி நாலு. அதுவும் கக்கூசுக்குப் போய் வந்த கணக்கு!"

"செய்னபு, மெல்லப் பேசு..."

"இருபத்தெட்டு வருஷம்! நாலு பிரசவம்! உங்கம்மாவை நான் எப்படிப் பார்த்துக்கிட்டேன்னு ஊருக்கே தெரியும். அவளுக்காகச் சிமெண்டு ஆலை வரைக்கும் போற கால், எனக்காகத் தெருமுனை தாண்டாதா?"

வாடிக்கையாளர்கள் மூன்று பேரும் மஸ்ஸாம்பாவைப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் ஆண்கள். அவர்கள் பார்வையில்தான் இரக்கம் இன்னும் குறைவாக இருந்தது.

"உனக்கும் எட்டாயிரம் நடக்கிறேன்மா," என்றார்.

"எட்டாயிரத்து நூத்திப் பன்னெண்டு," என்றாள் செய்னபு.

அன்றிலிருந்து ஆளுக்கு எட்டாயிரம் அடி. ஒருநாள் கூடினால் மறுமுறைக்கும் அதே கூடுதல். ஒருநாள் காற்று பின்னாலிருந்து தள்ளியதில் மரேம் கணக்கில் முந்நூற்று நாற்பது அடி அதிகமாகிவிட்டது. செய்னபுவின் முறையன்று எட்டாயிரம் முடிந்ததும் மழை கொட்டியது. மஸ்ஸாம்பா தையல் மிஷினைச் சுற்றிச் சுற்றி முந்நூற்று நாற்பது அடி நடந்தார். "இன்னும் பதினேழு," என்றாள் அவள், கதவில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்தபடி.

கடலோரமாக நடப்பதென்றால் அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் சில நாட்கள் அவர் தெருவின் எதிர் ஓரமாக நழுவினார். அலசான் விடவில்லை. "மஸ்ஸாம்பாதானே அது? செருப்பை இழுத்து இழுத்து நடக்கிறவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்!" என்று குரல் கொடுத்தார். அப்புறம் தினமும் இரண்டு நிமிஷம் அந்த வாசலில் நின்று பேசிவிட்டுப் போவது பழக்கமாயிற்று. அண்ணன் சர்க்கரையைப் பற்றி எதுவும் கேட்கமாட்டார். கடலில் என்ன நிறம் என்று மட்டும் கேட்பார். தம்பி பார்த்துச் சொல்வார்.

இரண்டரை மாதம் ஆனபோது ஒருநாள் அண்ணன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். "யாரது? புது ஆள் மாதிரி இருக்கே? இவ்வளவு விறுவிறுன்னு?"

"நான்தான் அண்ணே."

"எந்த நான்?"

"மஸ்ஸாம்பா."

அலசான் கையை நீட்டித் தம்பியின் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "நட," என்றார். "நிக்காதே. நட."

மஸ்ஸாம்பா அன்று ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார். மறுமுறைக்கு எவ்வளவு நடக்கவேண்டும் என்பதையே மறந்துபோனார்.

கால்சட்டையை மூன்று தடவை பிடித்துத் தைத்தாயிற்று. ஆனாலும் மனசில் நிம்மதி இல்லை. வீடு வீடாக இல்லையே! வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். செவ்வாய்க்கிழமை சண்டை உச்சத்துக்குப் போயிற்று. வழக்கம்போல ஜன்னலுக்கு நேரே.

"இந்த வாரம் நூத்தி இருபத்தெட்டு! என் கைப்பக்குவம்!" என்றாள் செய்னபு.

"நான் கீரை வைக்கலைன்னா உங்களுக்குக் கீரைன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது!" என்றாள் மரேம். "இனிமே இந்த வீட்ல எனக்கு..." அவ்வளவில் நின்றுவிட்டாள். வாய் திறந்தபடியே இருந்தது. கண் செய்னபுவைத் தேடியது.

செய்னபு இருமினாள். "தியெஸ்ல உங்கம்மா..." என்று முணுமுணுத்தாள்.

"ஆமா! தியெஸ்ல எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்! இனிமே இந்த வீட்ல எனக்கு என்ன இருக்கு!"

மஸ்ஸாம்பா மிஷினை நிறுத்தினார். கோபத்தில் பேச்சே அடைத்துப்போய்விட்டதே அந்தப் பெண்ணுக்கு! மூத்தவளோ போகிற வழியைச் சொல்லிக்கொடுத்துத் துரத்துகிறாள்! அவர் எழுந்து வெளியே ஓடினார். செய்னபு எதையோ சட்டென்று இடுப்பில் செருகினாள். பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டு.

"அது என்ன?"

"சந்தைக் கணக்கு," என்றாள் செய்னபு. அந்தக் கோபத்திலும் அவள் உதடு துடித்தது. அழுகையை அடக்குகிறாள் என்று மஸ்ஸாம்பா நினைத்துக்கொண்டார்.

அன்று முழுதும் அவர் தைக்கவில்லை. கண் போனால் அண்ணனைப் போல வாசலில் உட்கார்ந்துகொள்ளலாம். இந்த இரண்டு பேரில் ஒருத்தி போனால் எங்கே போய் உட்கார்வது? வில்லை ஒட்டிய நாளில் ஆஸ்பத்திரியில் பெருமையடித்துக்கொண்டு இரண்டு பேரையும் சேர்த்ததுதான் எல்லாவற்றுக்கும் வேர். அதை அறுத்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தார்.

வியாழக்கிழமை டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார். கசிவு நின்றிருந்தது. ரத்தச் சோதனைத் தாளை அஸ்து எடுத்துவந்தாள்.

"ஆறே முக்கால்!" என்றாள். சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. "பத்தே கால்லேருந்து ஆறே முக்கால்! மாமா, இந்த வில்லைத் திட்டத்துல இருக்கிற நூத்தி இருபது பேர்ல நீங்கதான் முதல்!"

தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு கிழவர் எழுந்து வந்து, என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மஸ்ஸாம்பா மேஜைமேல் கிடந்த தைக்கும் ஊசியை எடுத்தார். அஸ்துவின் சட்டைப் பித்தானுக்காக அவளே கொண்டுவந்து வைத்திருந்தது. நூலை நாக்கில் நனைத்தார். ஊசிக்கு ஒரே ஒரு காதுதான் இருந்தது. முதல் முயற்சியிலேயே நூல் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதுவும் தெளிவாகத்தான் வழிந்தது.

"மருந்து என்ன பெரிய மருந்து," என்றார் கிழவரிடம், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மாத்திரையை வேளைக்குப் போடணும். மத்ததெல்லாம் நியாயம்! ரெண்டு பொண்டாட்டியையும் சமமா நடத்தணும். அதுக்குக் கொஞ்சம் மூளை வேணும். நான் எப்படி ஓட்டினேன்னு எனக்குத்தான் தெரியும்."

கிழவர் வாயைப் பிளந்துகொண்டு போய் உட்கார்ந்தார். மஸ்ஸாம்பா கதவைச் சாத்திவிட்டு அஸ்துவின் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அஸ்து, நீ என் மக மாதிரி. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? வீடு நரகமா இருக்கும்மா. இந்தப் படத்தை வெச்சு ரெண்டு பேரும் வெட்டு குத்துங்கிற அளவுக்குப் போயாச்சு. சின்னவ அம்மா வீட்டுக்குப் போறேங்கறா. பெரியவ வழி சொல்லிக் குடுக்கறா. வில்லையை நீ ஒட்டு, சத்தியமா நானே நடக்கிறேன், நானே கீரை திங்கறேன். அவங்க ரெண்டு பேர் போன்லேருந்து மட்டும் இதை எடுத்துடு. எனக்குக் கண்ணைவிட அவங்க ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கிறதுதான் முக்கியம்."

அஸ்து தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. இந்தப் பெண்ணுக்கும் அழுகை வந்துவிட்டதே என்று மஸ்ஸாம்பா பதறினார்.

அவள் நிமிர்ந்தபோது சிரிப்பு அடங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க மாமா, சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன்: போன வியாழக்கிழமைதான் ரெண்டு அத்தையும் நீங்க உக்காந்திருக்கிற இதே பெஞ்சுல ஒட்டி உக்காந்து, ஒரே பொட்டலத்துல வறுத்த கடலை தின்னுக்கிட்டே, அடுத்த மூணு மாசத்துச் சண்டையையும் நோட்டுல எழுதிட்டுப் போனாங்க!"